ஒன்றாம் அலைவரிசைக்கு நூற்றுக்கு நூறு

ஒன்றாம் அலைவரிசை நூற்றுக்கு நூறு எடுத்த நாளில் எங்கள் அலுவலகத்தில் பாற்சோறும் கட்டைச்சம்பலும் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் எனக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கும். ஆனால் பசித்தது.

அலுவலகத்தின் முழுப் பெயர் ஆழ்கடல் வானொலித் தொடர்பு மேம்பாட்டு அதிகாரசபை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகைக்கு எடுத்த பழைய மாடிவீடு. கூரையில் அன்டெனா. வாசலில் பெயர்ப்பலகை, அன்டெனாவைவிடப் பெரியது. பலநாள் மீன்பிடிப் படகுகளோடு வானொலியில் பேசுவது எங்கள் வேலை. காலை எட்டரையிலிருந்து மாலை நாலேகால் வரை பேசுவோம். அதற்குப் பிறகு கடல் தன்பாட்டில் இருந்துகொள்ள வேண்டும்.

என் பெயர் ஷிஹாரா. ஊர் முகத்துவாரம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். பட்டம் எடுத்து இரண்டு வருடம் வீட்டிலிருந்து, பிறகு பட்டதாரிப் பயிலுநர் என்ற பெயரில் இங்கே வந்து சேர்ந்தேன். அப்பா கிளெமென்ற், ‘மரிய ஸ்டெல்லா’ என்ற பலநாள் படகின் ஓட்டி. போனால் இருபது, இருபத்தைந்து நாள் கழித்துத்தான் வருவார்.

சபை பன்னிரண்டு படகுகளுக்குப் புதிய தானியங்கி வானொலி செட் கொடுத்தபோது அப்பாவின் படிவத்தை நிரப்பியது நான். பழைய செட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு மனமில்லை.

“பழச நான் கையால திருப்பித் திருப்பி ஆளப் பிடிப்பன். இது என்னா செய்யும்?”

“அதுவே பிடிக்கும் அப்பா. நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல.”

“நான் ஒண்டும் செய்யாம இந்த வீட்டில எது நடந்திருக்கு?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகள் படித்தவள் அல்லவா.

அந்த செட்டுகளோடு பேச எங்கள் அலுவலகத்தில் வைத்த இயந்திரம் என்ன செய்யும் என்பதை எனக்கு விளக்கியவர் ஒஸ்வால்ட் அங்கிள். கொட்டாஞ்சேனைக்காரர், முப்பது வருடம் கப்பல்களோடு பேசிய வானொலி இயக்குநர். அலுவலகத்தில் வானொலி தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவருக்கு எந்தக் குழுவிலும் இடமில்லை.

“மகள், சிற்றலை எண்டா மேல எறியிற பந்து மாதிரி. வானத்தில பட்டு, தெறிச்சு, தூரத்தில விழும். வானம் நேரத்துக்கு நேரம் மாறும். பகலுக்கு நல்லா விழுற அலை ராவைக்கு விழாது. ராவைக்கு விழுறது பகலுக்குச் செத்துப்போகும். அதால இவன் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எட்டு அலைவரிசையிலயும் போய், ‘நான் இங்க இருக்கிறன், கேக்குதா?’ எண்டு கத்துவான். படகில இருக்கிற செட்டும் அப்பிடித்தான் கத்தும். எதில எவ்வளவு இரைச்சல், எத்தின எழுத்துப் பிழைச்சு வருது எண்டு பாத்து இவன் புள்ளி போடுவான். ஆரையாவது கூப்பிடச் சொன்னா, கூடப் புள்ளி எடுத்த அலைவரிசையில முதல் தட்டுவான். ரெண்டு மணித்தியாலத்துக்கு மிஞ்சின புள்ளியத் தூக்கி எறிஞ்சிடுவான்.”

“எறிஞ்சிடுவானா?”

“பின்ன? காலத்தால இருந்த வானத்துக்குப் பின்னேரம் என்ன வேல?”

அந்தக் கட்டடத்தில் எனக்கு முழுதாக விளங்கிய ஒரே விளக்கம் அதுதான். இயந்திரம் அரை மணிக்கு ஒருமுறை குருவி திக்கித் திக்கிப் பாடுவதுபோலக் கிர்ரிடும். எங்களுக்குப் பழகிவிட்டது.

பிரச்சினை, புள்ளிகளை வரவேற்பறைத் தொலைக்காட்சியில் போட்டதில் தொடங்கியது.

ஒன்றாம் அலைவரிசை சாதாரணமானதல்ல. அமைச்சர் குத்துவிளக்கேற்றித் திறந்துவைத்தது. திறப்புவிழா இரவு ஏழு மணிக்கு. ஒன்றாம் அலைவரிசை எட்டிலும் தாழ்ந்த அதிர்வெண். இருட்டினால் மணிபோலக் கேட்கும். அன்று அமைச்சர் மாலைதீவுப் பக்கம் நின்ற ஒரு படகிடம் நலம் விசாரித்தார், படகும் அமைச்சரிடம் நலம் விசாரித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பகல் ஒன்பது மணிக்கு அதில் காற்றுக்கூட வராது. எங்கள் அலுவலகமோ பகலில் மட்டும் திறந்திருப்பது. ஆகவே ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சியில் ஒன்றாம் அலைவரிசை எட்டாம் இடத்தில் நின்றது. ஆறாம் அலைவரிசை முதலாம் இடத்தில்.

தலைவர் சிவபாதசுந்தரம் ஐயா அதைக் கண்டது ஒரு திங்கட்கிழமை. வயது எழுபது. ஓய்வுபெற்ற பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர். பரீட்சை நடத்துவதில் முப்பத்தைந்து வருட அனுபவம். வானொலியில், செய்தி கேட்ட அனுபவம்.

“பிள்ளை, உது என்ன? ஒண்டாம் அலைவரிசை எப்பிடி எட்டாம் பிள்ளையா வந்தது?”

“பகல்ல அதில ஒண்டும் கேக்காது சேர். ராவைக்குத்தான்.”

“அமைச்சர் திறந்த அலைவரிசை. முதலாம் இலக்கம். கடைசிப் பிள்ளை. ஆராவது பாத்தா என்ன சொல்லுவினம்?”

“பகல்ல கேக்காது எண்டு சொல்லுவாங்க சேர்.”

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அன்றைக்கே ஒன்றாம் அலைவரிசையிடம் விளக்கம் கோரிக் கடிதம் தயாரானது. பதினான்கு நாள் தவணை. தட்டச்சு செய்தது நான். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டேன். “மூலப்பிரதி கோப்பில, மற்றப் பிரதி எனக்கு” என்றார். பதினான்கு நாளில் பதில் வரவில்லை. ‘எதிர்த்து எதுவும் கூறவில்லை, நன்னடத்தை’ என்று கோப்பில் பதிந்தார்கள்.

பிறகு புள்ளி மீளாய்வுக் குழு அமைந்தது. தலைவர், சிவபாதசுந்தரம் ஐயா. உறுப்பினர், பாலேஸ்வரி ரீச்சர். ரீச்சர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை; எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ரியூசன் நடத்துகிறவர். அவருடைய பையில் எப்போதும் ஐந்து சிவப்புப் பேனை இருக்கும்.

முதல் கூட்டத்தில் ஐயா பேசியதை நான்தான் குறிப்பெடுத்தேன்.

“மெஷினுக்கு என்ன தெரியும்? அது புள்ளி போடேக்கை குடும்பப் பின்னணி பாக்குதே? ஒண்டாம் அலைவரிசை தாழ்ந்த அதிர்வெண்ணிலை பிறந்தது. அது அதின்ரை பிழையே? எழுபத்தி நாலாம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலிலை எனக்கு ரெண்டு புள்ளியாலை மருத்துவம் போனது. அந்த அநியாயம் இன்னொரு ஆளுக்கு நடக்க நான் விடமாட்டன். ஆனபடியாலை, பின்தங்கிய அதிர்வெண்களுக்கு மேலதிகப் புள்ளி.”

இரண்டாவது தீர்மானத்தை ரீச்சர் கொண்டுவந்தார்.

“அரை மணித்தியாலத்துக்கு ஒரு சோதனை எண்டால் எந்தப் பிள்ளை தாங்கும்? படிக்க நேரம் குடுக்க வேண்டாமே? வருசத்துக்கு ஒரு சோதனை. ஒழுங்கா வைப்பம். புள்ளி ஒரு வருசத்துக்குச் செல்லும்.”

ஒஸ்வால்ட் அங்கிள் கதவடியில் நின்றார். “மேடம், வானம் வருசத்துக்கு ஒருக்கா மாறுறதில்ல...”

“மிஸ்டர் ஒஸ்வால்ட், நீங்கள் குழுவிலை இல்லை” என்றார் ஐயா. அது உண்மைதான்.

வருடாந்தச் சோதனை ஒரு புதன்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நடந்தது. வானொலி அறைச் சுவரில் ‘அமைதி பேணவும்’ என்று ஒட்டினார்கள். எட்டு அலைவரிசைகளிலும் அந்த இரண்டு மணிநேரத்தில் வந்ததெல்லாம் தாளில் அச்சாகி ரீச்சரின் மேசைக்குப் போயிற்று. பிழை ஒன்றுக்கு அரைப் புள்ளி கழிப்பது என்பது முறை.

ஆறாம் அலைவரிசையில் அன்று ஒன்பது படகுகள் பேசின. மீன் விலை, ஐஸ் முடிந்தது, எஞ்சின் சூடாகிறது, மகளுக்கு எப்படி. பதினெட்டுப் பக்கம். நல்லாகத்தான் கேட்டது, ஆனாலும் இங்கொன்று அங்கொன்றாக எழுத்து விழுந்திருந்தது. ரீச்சர் ஒவ்வொன்றையும் வட்டமிட்டார். இருநூற்றுப் பதினான்கு பிழை. நூறிலிருந்து நூற்றேழு கழிந்தது. சைபருக்குக் கீழே போட விதி இல்லாததால் சைபர் போட்டார். ‘வாயாடி. கவனம் போதாது’ என்று ஓரத்தில் எழுதினார்.

ஒன்றாம் அலைவரிசையின் தாள் வெறுமையாக இருந்தது. ரீச்சர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

“ஒரு பிழையும் இல்லை” என்றார். சிவப்புப் பேனையை மூடி வைத்தார். “முப்பது வருசத்திலை நான் இப்பிடி ஒரு பேப்பர் திருத்தினதில்லை.”

நூறு. மேலதிகப் புள்ளியோடு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஐயா பெருந்தன்மையாக நூறோடு நிறுத்தினார். இரண்டாம், மூன்றாம் அலைவரிசைகளும் பகலில் ஊமை, அவையும் ஒரு பிழையுமில்லாமல் சித்தி. பேசிய ஐந்தும் சித்தியடையவில்லை.

படகுகளுக்கு எங்கள் குரல் கேட்கிறதா என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

ஒழுங்கை முகப்பில் பதாகை கட்டினார்கள். ரியூசன் நிலையங்களின் பதாகைகளுக்கு நடுவே எங்களுடையதும் தொங்கியது: ‘அகில இலங்கையிலும் முதலிடம்! ஒன்றாம் அலைவரிசை!’ அலைவரிசைக்குப் படம் இல்லாததால் ஐயாவின் படத்தைப் போட்டிருந்தார்கள். அன்றுதான் பாற்சோறு.

மறுநாள் ஐயா தானே வந்து இயந்திரத்தில் சித்தியடைந்த மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நிறுத்தச் சொன்னார். இனி அந்த மூன்றில் மட்டுமே கேட்கவும் பேசவும் வேண்டும். தானாகத் தேடும் பொத்தானின்மேல் கடதாசி வைத்து, நூல் கட்டி, வினாத்தாள் உறைக்கு வைப்பதுபோல அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். ‘இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மட்டும் திறக்கவும்.’

அன்றிலிருந்து இயந்திரம் பாடவில்லை. அலுவலகம் மிக அமைதியாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அப்பா கடலுக்குப் போய் அப்போது ஒன்பது நாள். அம்மா றஞ்சிதம் ஒவ்வொரு பகலும் தொலைபேசி எடுப்பார்.

“அப்பா கதைச்சாரா புள்ள?”

“இல்லம்மா.”

“உங்கட மெஷின் என்ன சொல்லுது?”

“ஒரு பிழையும் இல்லயாம்.”

பத்தாம் நாள். பதினைந்தாம் நாள். பதினெட்டாம் நாள் அம்மா தொலைபேசியில் ஒன்றும் கேட்கவில்லை. செபமாலை சொல்வது மட்டும் கேட்டது. புதிய செட்டுக்கான அந்தப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்துக்கு மேலே என் கையெழுத்து இருந்தது. நான் அதைப் போய்க் கோப்பில் எடுத்துப் பார்த்தேன். எதற்கென்று தெரியாது.

பத்தொன்பதாம் நாள் பரிசளிப்பு விழா. அன்று எல்லோரும் வேளைக்கே வந்திருந்தோம்; காலை எட்டு மணிக்குக் காலநிலை எச்சரிக்கை வந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், பலநாள் படகுகள் உடனே கரை திரும்ப வேண்டும். அப்பா போன பக்கம். நான் தாளோடு மேலே ஓடினேன். ஐயா வேட்டிக்கு மேல் கோட் போட்டுக்கொண்டிருந்தார்.

“சேர், மரிய ஸ்டெல்லாவுக்கு உடன சொல்லணும். ஆறில கூப்பிடவா?”

“ஆறே? பிள்ளை, அவசரச் செய்தியை சைபர் எடுத்த அலைவரிசையிலை அனுப்பிறதே? நாளைக்கு ஒரு கேள்வி வந்தா ஆர் பதில் சொல்லுறது?” தாளை வாங்கி வாசித்தார். முகம் மலர்ந்தது. “நல்ல சந்தர்ப்பம். பத்து மணிக்கு விழாவிலை, எல்லாரும் பாக்க, ஒண்டாம் அலைவரிசையாலை அனுப்புவம். உம்மடை அம்மாவைக் கூப்பிடும். முன் வரிசையிலை இருக்கட்டும்.”

“இப்ப எட்டு மணி சேர்.”

“அதுதான் சொல்லுறன், இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு.”

நான் கீழே போய் மூன்று அலைவரிசைகளிலும் மாறி மாறிக் கூப்பிட்டேன். இரைச்சல்கூட வரவில்லை. ஒஸ்வால்ட் அங்கிள் அரக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்க் கலண்டரைப் பார்த்தார். அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு மாதம்.

வாகனத் தரிப்பிடத்தில் பந்தல். இயந்திரத்தைப் பட்டுத்துணி விரித்த மேசையில் தூக்கி வைத்து, அன்டெனா வயரை ஜன்னலால் இழுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெற்றிக்கிண்ணம். அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் சாரியில் வந்து முன் வரிசையில் இருந்தார். கையில் செபமாலை.

ஐயா பேசினார். இருபத்தைந்து நிமிடம்.

“...பேசுறது ஆராலையும் ஏலும். பிழையில்லாமல் இருக்கிறது சிலராலைதான் ஏலும். இந்தச் சபை தொடங்கி ரெண்டு வருசம். இதுவரைக்கும் எங்களைப் பற்றி ஒரு படகும் ஒரு முறைப்பாடும் ஒண்டாம் அலைவரிசையிலை சொன்னதில்லை!”

கைதட்டல். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“கிளெமென்ற்,” என்றார் அம்மா. “நான் றஞ்சிதம். கேக்குதா?”

அமைதி.

“கிளெமென்ற், காத்து வருதாம். திரும்பி வாங்க.”

அமைதி. பந்தலில் மின்விசிறி சுற்றும் சத்தம்.

ஐயா ஒலிவாங்கியை மெதுவாக வாங்கினார். “கேட்டியளே? ஒரு கரகரப்பு? ஒரு சொல் பிழை? சுத்தம்! பாலேஸ்வரி ரீச்சர், எத்தினை பிழை?”

“ஒண்டும் இல்லை!” என்றார் ரீச்சர், எழுந்து நின்று.

மறுபடியும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை.

“சேர், ஒரு நிமிசம்,” என்றார். ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. முகத்துவாரத்தில் மீன் ஏலம் கூறிய குரல். “என்ட மனுசன் வாயத் துறந்தா பிழை வரும். ரெண்டு தரம் இருமுவார், மூணு தரம் ஏசுவார், என்ட பேர ஒழுங்கா சொல்லமாட்டார். இருபத்தாறு வருசம் நான் கேட்டிருக்கிறன். பிழை வராட்டி அங்க அவர் இல்ல சேர்.”

நான் மேசைக்குப் போனேன்.

“பிள்ளை, முத்திரை!” என்றார் ஐயா. “ரெண்டு சாட்சி வேணும்!”

“நூறு பேர் இருக்கிறாங்க சேர்,” என்று சொல்லி அரக்கை உடைத்தேன். வெற்றிக்கிண்ணத்தால்தான் உடைத்தேன். கைக்குக் கிட்ட அதுதான் இருந்தது. ஒஸ்வால்ட் அங்கிள் எங்கிருந்தோ வந்து நின்றார். “நான் ஒரு சாட்சி,” என்று சொல்லிக்கொண்டே எட்டு அலைவரிசைகளையும் திறந்துவிட்டார்.

இயந்திரம் பத்து நாளைக்குப் பிறகு வாய் திறந்தது. கிர்ர்ர். ஒன்று: இல்லை. இரண்டு: இல்லை. மூன்றில் இல்லை. நான்கில் யாரோ சிங்களத்தில் ஐஸ் விலை பேசினார்கள். ஐந்து முனகியது. ஆறில், பதிலுக்கு ஒரு கிர்ர்ர். திரையில் ‘மரிய ஸ்டெல்லா’ என்று எழுத்து விழுந்தது. ஒரு எழுத்துப் பிழையோடு.

ஒலிபெருக்கி கரகரத்தது. இருமல். இன்னொரு இருமல்.

“அடேய்! பத்து நாளா ஆறில கத்துறன், செத்தா போயிட்டீங்க எல்லாரும்? மாட்டு மடையனுகளா! யாரடா அது ஒப்பீசில?”

“நான்தான் அப்பா,” என்றேன். “தாழமுக்கம் வருது. உடன திரும்புங்க. திருகோணமலைதான் உங்களுக்குக் கிட்ட.”

“கேக்குது, கேக்குது. எஞ்சின் சரி. திருப்புறன். அம்மாட்ட சொல்லு. ரஞ்... றஞ்சி...” அந்த இடத்தில் சத்தம் விழுந்து எழும்பியது. அம்மா முகத்தைச் சாரித் தலைப்பால் மூடிக்கொண்டார். பிரதம விருந்தினர், இதுவும் நிகழ்ச்சியில் உள்ளது என்று நினைத்து, எழுந்து நின்று கைதட்டினார்.

ரீச்சரின் கையில் சிவப்புப் பேனை. “பதினேழு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டு விளக்கம் கோரும் கடிதங்கள் தயாரித்தார்கள். ஒன்று ஆறாம் அலைவரிசைக்கு: சித்தியடையாத நிலையில் அனுமதியின்றிப் பேசியமை. மற்றது எனக்கு: முத்திரை, வெற்றிக்கிண்ணம். இரண்டையும் தட்டச்சு செய்தது நான்தான். ஆறாம் அலைவரிசையின் கடிதத்தைவிட என்னுடையது கொஞ்சம் நீளம்.

அப்பா திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் வந்து, முகம்கூட வழிக்காமல் நேரே அலுவலகத்துக்கு வந்தார். பழைய செட்டைத் திருப்பிக் கேட்டார். ‘பாவனையாளர் திருப்திப் படிவம்’ நிரப்பினால் தரலாம் என்றார்கள். அப்பா வரவேற்பறை மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

கேள்வி மூன்று: ஒன்றாம் அலைவரிசையில் எப்போதாவது பிழையான சொல் ஏதும் உங்களுக்குக் கேட்டதா? ‘இல்லை.’

கேள்வி நான்கு: இரைச்சல், கரகரப்பு ஏதும்? ‘இல்லை.’

கேள்வி ஐந்து: உங்கள் அனுபவத்தை ஒரு வரியில் கூறுக. ‘நல்ல அமைதி.’

ஐயா வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் படிவம் இப்போது சட்டம் போட்டு, வரவேற்பறையில், தொலைக்காட்சி இருந்த இடத்தில் தொங்குகிறது.

ஒழுங்கையால் பஸ்ஸுக்கு நடக்கும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை.

“ஏன் அப்பா அப்பிடி எழுதினீங்க?”

அப்பா பழைய செட்டை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

“கேட்டதுக்கு உண்மையத்தானே எழுதினன். எங்கட சத்தம் உங்களுக்கு வருதா எண்டு அதில கேள்வி இல்லியே, புள்ள.”